அன்றே தெரிய வேண்டிய முடிவு: எல்லையோரக் கைக்குழந்தைகளும் எச்.ஐ.வி. பரிசோதனையும்

திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தறிச் சத்தத்தோடு விடியும் நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். கிழக்கே முருகனின் திருத்தணி மலை; வடக்கே சற்று நகர்ந்தால் ஆந்திர எல்லை. திருத்தணி வட்டாரம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. நிர்வாகக் கோடு அன்றே தெளிவாகிவிட்டது. கொள்வினை கொடுப்பினை அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. இந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் பெண் கொடுப்பார்கள், ஆந்திரப் பக்கம் நகரியில் பெண் எடுப்பார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆகவே கர்ப்பகாலப் பதிவு ஒரு மாநிலத்திலும், பிரசவமும் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் இன்னொரு மாநிலத்திலும் அமைவது இங்கே இயல்பு.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு இந்த இயல்பான பயணமே ஆபத்தாகலாம். ரத்தம் ஓர் ஊரில் எடுக்கப்பட்டு, முடிவு பல வாரம் கழித்து அங்கேயே வந்து சேரும்போது, தாயும் சேயும் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். நோய்ப் பரவல் குறைந்த, மக்கள் இடம்பெயரும் இத்தகைய வட்டாரங்களில்தான் மருத்துவமனையிலேயே அன்றே முடிவு சொல்லும் பரிசோதனை மிகவும் தேவைப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கைக்குழந்தைக்குத் தனிச் சோதனை ஏன்?

பெரியவர்களுக்கு விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனை, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்து, 18 மாதம் வரைகூட ரத்தத்தில் தங்கிவிடும். தொற்றே இல்லாத குழந்தைக்கும் அந்தச் சோதனை ‘பாசிட்டிவ்’ என்று காட்டும். ஆகவே 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் வைரஸின் மரபணுவையே தேட வேண்டும்.

18 மாதம்வரை காத்திருக்க முடியாததற்குக் காரணம் நோயின் வேகம். கருவிலோ பிரசவத்திலோ தொற்று பெற்ற குழந்தைகளில், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். இறப்பு உச்சத்தைத் தொடுவது இரண்டு, மூன்று மாத வயதில். ஆறாவது வாரத்தில் குழந்தை கொழுகொழுவென்றே இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ‘சேர்’ ஆய்வு, நோயறிகுறிக்குக் காத்திராமல் முதல் சில வாரங்களிலேயே மருந்தைத் தொடங்கினால் இறப்பு 76 விழுக்காடு குறைவதைக் காட்டியது. அதன் பிறகு உலகச் சிகிச்சை நெறிமுறைகளே மாறின.

தமிழகம் நடந்த தூரம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. நம்பிக்கை மையங்கள் எனப்படும் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள் வழியே கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை பரவலானது. 2014 முதல் தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை என்பது தேசியக் கொள்கையானது. எந்தத் தலையீடும் இல்லாவிட்டால் 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கக்கூடிய தாய்-சேய்த் தொற்றை, முறையான சிகிச்சை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிடும்.

குழந்தைகளுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் 2010இல் வந்தது. ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, தடித்த வடிதாளில் ரத்தப் புள்ளிகள் இடுகிறார்கள். அதை நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத உறையிலிட்டு, தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். குளிர்பதன வசதி இல்லாத ஊரிலிருந்தும் மாதிரி அனுப்பலாம் என்பது இம்முறையின் பெரும்பலம். முடிவு திரும்பும் பாதையே அதன் பலவீனம். மாதிரிகள் சேர வேண்டும், கூரியர் போக வேண்டும், ஆய்வகத்தில் ஒரு தொகுதி நிரம்ப வேண்டும், அறிக்கை மையத்துக்கு வர வேண்டும், தாயை மீண்டும் அழைக்க வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் குழந்தை கணக்கிலிருந்து நழுவிவிடும்.

அன்றே முடிவு: ஆப்பிரிக்கா தந்த சான்று

உலக சுகாதார நிறுவனம் 2016இல் இரண்டு சிறிய கருவிகளுக்குத் தர ஒப்புதல் அளித்தது: ‘அலியர் க்யூ’, ‘ஜீன்எக்ஸ்பர்ட்’. முன்னது சில துளி ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளும், பின்னது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலும் முடிவு சொல்கின்றன. எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் இத்தகைய கருவிகளை நடைமுறைப்படுத்திப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. பழைய முறையில் முடிவு பெற்றோர் கைக்குப் போகச் சராசரியாக 55 நாள் ஆனது. புதிய முறையில் அன்றே கிடைத்தது. தொற்றுள்ள குழந்தைகளில் 60 நாளுக்குள் மருந்து தொடங்கியோர் பழைய முறையில் 43 விழுக்காடு, புதிய முறையில் 92 விழுக்காடு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

மொசாம்பிக்கில் நடந்த ஓர் ஆய்வு இன்னொரு பாடத்தையும் தருகிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவி வைத்தபோது பத்தில் ஒன்பது குழந்தைகள் 60 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினார்கள். பழைய முறையில் பத்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். ஆனால் 90 நாள் கழித்தும் சிகிச்சையில் நீடித்தவர்கள் புதிய முறையிலும் சுமார் 62 விழுக்காடுதான். வாசலைத் திறக்கக் கருவி போதும். உள்ளே இருத்திவைக்க மனிதர்கள் வேண்டும்.

எதிர்வாதங்கள் மூன்று

முதலாவது, எண்ணிக்கை. தமிழ்நாட்டில் தொற்றுள்ள தாய்மார் குறைந்துவருகையில், ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்குச் சில குழந்தைகளுக்காகக் கருவி வாங்குவதா? இக்கேள்வி நியாயமானது. ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய மைய ஆய்வகத்தில் தொகுதி நிரம்பும் காலமும் நீளும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். புதுக் கருவி வாங்கவும் தேவையில்லை. காசநோய்த் திட்டம் ஜீன்எக்ஸ்பர்ட்டை நாடெங்கும் நிறுவியிருக்கிறது. அதே இயந்திரம் கார்ட்ரிட்ஜை மாற்றினால் குழந்தையின் எச்.ஐ.வி.யையும் சோதிக்கும். கொரோனா காலத்தில் காசநோய்க் கருவிகளே கோவிட் சோதனைக்குப் பயன்பட்டன. பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இரண்டாவது, பொய்யான பாசிட்டிவ். ஆயிரம் குழந்தைகளில் 20 பேருக்கு உண்மைத் தொற்று என்றும், தொற்றில்லாதவர்களைச் சோதனை 99.5 விழுக்காடு சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 980 பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். அதாவது பாசிட்டிவ் முடிவுகளில் ஐந்தில் ஒன்று தவறு. இதற்குத் தீர்வு தாமதமல்ல. முதல் முடிவு வந்த அன்றே மருந்தைத் தொடங்கி, அன்றே இரண்டாவது மாதிரி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். தொற்றில்லை எனத் தெளிவானால் மருந்தை நிறுத்திக்கொள்ளலாம். தாமதத்தில் போன உயிரைத் திரும்பப் பெற முடியாது. குழந்தைகளுக்கென நீரில் கரையும் டோலுடெக்ராவிர் மாத்திரை 2020இல் ஒப்புதல் பெற்றது. அதை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன.

மூன்றாவது, அந்தரங்கம். தறிகாரர் தெருவில் சுகாதாரப் பணியாளர் ஒரே வீட்டுக்கு நான்குமுறை வந்தால் ஊர் பேசும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. தெருவின் ஊகத்தை அச்சட்டத்தால் தடுக்க இயலாது. அன்றே முடிவு கிடைத்தால் இந்தத் தேடிவரும் நடைகளே குறையும். இதே காரணத்துக்காகக் கருவி அம்மையார்குப்பத்தில் இருக்க வேண்டியதில்லை. புதன்கிழமைத் தடுப்பூசிக் கூட்டத்தின் நடுவே எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைவிட, திருத்தணி அரசு மருத்துவமனை பொருத்தமானது. கோயிலுக்கும் கடைகண்ணிக்கும் அன்றாடம் மக்கள் போகும் ஊர் அது. எதற்குப் போனாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

செய்ய வேண்டியவை

ஆறாவது வாரத்தில் ‘நெகட்டிவ்’ வந்ததோடு பணி முடிவதில்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலமெல்லாம் தொற்று வாய்ப்பு உண்டு. 6, 12, 18 மாதங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் நெகட்டிவாக இருந்து, பாலூட்டும் காலத்தில் தொற்று பெறும் தாயின் குழந்தை இன்றைய பட்டியலிலேயே இடம்பெறாமல் போகக்கூடும். எந்தக் கருவியும் இந்த இடைவெளியைத் தானாக மூடாது. பாலூட்டும் தாய்மாருக்கான மறுபரிசோதனையே மூடும்.

மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து, திருத்தணி போன்ற எல்லையோர மருத்துவமனைகளில் இருக்கும் மூலக்கூறு சோதனைக் கருவிகளைக் குழந்தைகளின் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் திறந்துவிட வேண்டும். ஒன்றரை மாதத் தடுப்பூசித் தேதியையே பரிசோதனை நினைவூட்டலுக்கும் அடிப்படையாகக் கொள்ளலாம். தமிழ்நாடும் ஆந்திரமும் எல்லை தாண்டும் தாய்-சேயின் தகவலை, அந்தரங்கம் காத்து, நம்பிக்கை மையங்களுக்கிடையே நேரடியாகப் பரிமாறிக்கொள்ள ஓர் உடன்பாடு காண வேண்டும். கருவியும் மருந்தும் சட்டமும் பயிற்சி பெற்ற செவிலியரும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. இவற்றை ஒரே கூரையின்கீழ், ஒரே நாளில் இணைக்கும் நிர்வாக உத்தரவே இன்றைய தேவை. அதைப் பிறப்பிக்க இரு மாநில அரசுகளும் இனியும் காலம் தாழ்த்தக் கூடாது.