செத்தெஃபினெஸ்த்ரே அகழாய்வும் ‘வில்லா’ என்னும் சொல்லும்

இத்தாலியின் மேற்குக் கரையில், பண்டைய கோசா நகரத்திற்கு அண்மையில், செத்தெஃபினெஸ்த்ரே என்னும் இடம் உள்ளது. இப்பெயர்க்கு ‘ஏழு சாளரம்’ என்பது பொருள். இங்கு கி.மு. முதல் நூற்றாண்டில் எழுந்த உரோமானிய வில்லா ஒன்றினை ஆந்திரேயா கராந்தினியின் தலைமையில் 1976 முதல் 1981 வரை அகழ்ந்தனர். 1985இல் வெளிவந்த அறிக்கை, தலைப்பிலேயே இதனை அடிமைமுறை வில்லா எனக் குறித்தது.

வில்லா என்பதனைத் தமிழில் ‘மாளிகை’ எனப் பெயர்ப்பதுண்டு. இன்றைய மனை விளம்பரங்களில் வழங்கும் ‘வில்லா’வும் அப்பொருளையே வலுப்படுத்துகிறது. அகழ்வில் வெளிப்பட்டதோ வேறு. முகப்பில் நகர மதிலைப் போன்று சிறு கோபுரங்களுடன் கூடிய தோட்டச் சுவர். உள்ளே ஓவியம் தீட்டிய அறைகளும் பதிகல் தரைகளும். அவற்றை ஒட்டியே திராட்சை பிழியும் பொறிகள், ஒலிவ எண்ணெய் ஆலை. பின்னர்ச் சேர்த்த பகுதியில் முற்றத்தைச் சூழ்ந்து வரிசையாகப் பன்றிக் கொட்டில்கள். உரிமையாளர் தங்கும் பகுதி, உழைப்போர் பகுதி, விளைபொருட் பகுதி என வில்லாவைக் கொலுமெல்லா மூன்றாகப் பகுத்தமை ஈண்டு நினைக்கத்தகும். ‘மாளிகை’ இவற்றுள் முதற்பகுதியை மட்டுமே சுட்டும். ‘பண்ணைவீடு’ அதனை விட்டுவிடும். ‘பண்ணையகம்’ ஓரளவு பொருந்தலாம்.

ஒரே அளவினவான சிற்றறைகளும் இங்குக் கிடைத்தன. இவை அடிமைகளின் உறையுள் என்பது அகழ்ந்தோர் முடிபு. எனினும் அது கட்டட அமைப்பையும் நூற்சான்றுகளையும் இணைத்துப் பெற்ற ஊகமே. அவ்வறைகளில் வாழ்ந்தோரின் சொல் ஒன்றும் நமக்கு எட்டவில்லை. அவர்களைப் பற்றிய சொற்களே எஞ்சின.

அவற்றுள் ஒன்று கி.மு. 37இல் வர்ரோ இயற்றிய உழவியல் நூலில் உள்ளது. உழவுக்கருவிகளை மூவகைப்படுத்துவோர் சிலர் எனக் கூறி, அடிமைகளை ‘வோகாலே’ என்றும், மாடுகளை ‘செமிவோகாலே’ என்றும், வண்டிகளை ‘மூத்தும்’ என்றும் அவர் நிரல்படுத்துகிறார். முதலாவதனைப் ‘பேசும் கருவி’ எனப் பெயர்ப்பின், மாடு பாதி பேசுவதாக முடியும். வோகாலே என்பது குரலைக் குறிக்கும் ‘வோக்ஸ்’ அடியாகப் பிறந்தது. ஆகவே குரலுடையது, அரைக்குரலது, குரலற்றது எனல் தகும். உழைப்பாளியையும் எருதையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் மூலத்தின் கடுமை அப்போதுதான் மறையாது நிற்கும்.

இனி, முடிக்கும் வினை. இலத்தீன் வினைக்குத் திணை வேறுபாடு இல்லை. தமிழிலோ ‘குரலுடைய கருவியுள் அடிமைகள் அடங்குவர்’ என்பதா, ‘அடங்கும்’ என்பதா என்று பெயர்ப்பாளர் துணிந்தாக வேண்டும். ‘அடங்கும்’ எனின் வர்ரோ காட்டும் பகுப்பு சிதையாது. ‘அடங்குவர்’ எனின் அதனைத் தமிழ் விகுதியே மறுத்துரைக்கும். உயர்திணைப் பொருளைச் சுட்டியும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் வரிசையில், தொல்காப்பியக் கிளவியாக்கம் ‘அடிமை’ என்பதனையும் வைத்துள்ளது. எனவே ‘அடங்கும்’ என்பதற்கு இலக்கண ஆதரவும் உண்டு. ஆயினும் ‘அடங்குவர்’ என எழுதி, மூலத்தில் இல்லாத அத்திணையை அடிக்குறிப்பில் சுட்டுதலே நேரியது என்பது என் கருத்து.