பனிக்கு அசராத கொடி ரோஜா

வளைவுப் பந்தல் முழுக்கப் பூவாய்க் கொட்டிக் கிடக்கும் ரோஜா படம் எல்லா நர்சரி கேட்லாக்கிலும் இருக்கும். குளிர் நாட்டில் இருக்கிறவர்கள் அந்தப் படத்தை மட்டும் நம்பி வாங்கினால், நாலு வருஷம் கழிச்சும் பந்தல் மொட்டையாகத்தான் நிற்கும். காரணம் புரியணும்னா கொஞ்சம் சரித்திரம் பார்க்கணும்.

முதலில் ஒரு விஷயம். ரோஜாவுக்கு அவரைக்கொடி மாதிரி சுற்றிக்கொண்டு ஏறத் தெரியாது. நீளமாகத் தண்டு விடும், நாம்தான் கட்டிவிடணும். புதர் ரோஜா குளிரில் தரைமட்டம் வரைக்கும் கருகினாலும் பரவாயில்லை, வசந்தத்தில் திரும்பத் துளிர்த்துப் பூத்துவிடும். கொடி ரோஜா கதை வேறே. போன வருஷத்துத் தண்டு ஏழெட்டு அடி உயரத்துக்கு உயிரோடு இருந்தால்தான் பந்தல் நிறையும். நம்ம வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. கனடாவின் ஒட்டாவாவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 30 வரை கூடப் போகும். அந்தரத்தில் நிற்கிற தண்டுக்குப் பனிப்போர்வையும் கிடையாது!

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் குளிர் தாங்கும். ஆனால் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரே தடவைதான் பூக்கும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. இவை திரும்பத் திரும்பப் பூக்கும். இரண்டையும் கலந்தார்கள், பூ பெருகியது. கூடவே குளிர் தாங்காத குணமும் வந்து ஒட்டிக்கொண்டது. குளிர் வந்ததும் அடங்கித் தூங்கணும்ங்கிறதே அந்தச் செடிகளுக்கு மறந்துபோச்சு.

1930-ல் அமெரிக்காவில் வந்த 'நியூ டான்' இன்றைக்கும் எல்லோரும் சிபாரிசு பண்ணும் கொடி ரோஜா. 1931-ல் அமெரிக்கா கொடுத்த முதல் தாவர பேடன்ட் இதுக்குத்தான். அருமையான செடிதான், மறுக்கலை. ஆனால் மைனஸ் 25-க்குக் கீழே அடிக்கடி போகும் ஊரில் அதன் தண்டை நம்ப முடியாது. மின்னசோட்டாவில் ரோஜாப் பிரியர்கள் இதற்காகவே இலையுதிர்காலத்தில் பள்ளம் தோண்டி, செடியை ஒருக்களித்துச் சாய்த்து, மண் போட்டு மூடும் வழக்கம் உண்டு. வருஷா வருஷம்!

மாற்று வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் கோர்டெஸ் என்ற ரோஜாக்காரர் 'மாக்ஸ் கிராஃப்' என்ற செடியை வைத்திருந்தார். அதன் பெற்றோரில் ஒன்று ருகோசா, வடகிழக்கு ஆசியக் கடற்கரை மணலில் வளரும் முரட்டு ரோஜா. மாக்ஸ் கிராஃப் கிட்டத்தட்ட மலடு, விதையே வைக்காது. மனுஷன் விடாமல் காத்திருந்தார். கடைசியில் கிடைத்த ஓரிரு நாற்றுகளில் ஒன்று குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தது. அதில் குரோமோசோம் 14-லிருந்து 28 ஆகத் தானாகவே இரட்டித்திருந்தது. அதனால் மற்ற தோட்ட ரோஜாக்களோடு சுலபமாகக் கலக்க முடிந்தது. அதுதான் 'ரோசா கோர்டெசி'.

அந்த வம்சத்தை எடுத்துக்கொண்டு கனடாவின் குளிரோடு மோதியவர் ஒரு பெண்மணி. ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா, 1920-ல் வியன்னாவில் பிறந்தவர். 1953-ல் கனடாவுக்குப் போய், ஒட்டாவா அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். 1961-ல் ரோஜா பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவர் வைத்த பரீட்சை ரொம்ப எளிமை: திறந்தவெளியில் நட்டுவிடு, மூடாதே. பிழைப்பதை வைத்துக்கொள். நோய் தாங்கணும், குச்சி வைத்தால் வேர் விடணும், திரும்பத் திரும்பப் பூக்கணும். 1978-ல் 'ஜான் கேபட்', 1983-ல் 'வில்லியம் பாஃபின்', 1986-ல் 'ஜான் டேவிஸ்' என்று வந்தன. வட கடல்களில் பனிக்கட்டிகளுக்கு நடுவே வழி தேடிப் போன பயணிகளின் பெயர்கள். பொருத்தமான பெயர்தானே? :-)

ஸ்வெய்டா 2016-ல் காலமானார். ரோஜா வாங்குகிற எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சரி, எதை வாங்குவது? பெரிய, பலமான பந்தல் என்றால் வில்லியம் பாஃபின். முள்ளும் வேகமும் ஜாஸ்தி, சின்னப் பந்தலை அமுக்கிவிடும், வாசனையும் பெரிதாக இல்லை. ஆனால் மைனஸ் 35-ஐயும் தாங்கும் தண்டு. நடுத்தரம் என்றால் ஜான் கேபட். ஒடுங்கிய வளைவு என்றால் வளைந்து கொடுக்கும் ஜான் டேவிஸ்.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, லேபிளில் போட்டிருக்கும் குளிர் மண்டல எண் வேருக்கா, தண்டுக்கா? கருகித் திரும்பத் துளிர்ப்பதையும் 'தாங்கும்' என்றுதான் பல பேர் சொல்வார்கள். இரண்டு, சொந்த வேரா, ஒட்டா? ஒட்டுச் செடியில் மேல்பாகம் செத்தால், கீழே இருக்கும் வேர்ச்செடி முளைத்து வரும். அமெரிக்காவில் அது பெரும்பாலும் 'டாக்டர் ஹியூயி'. ஆசையாக வைத்த இளஞ்சிவப்பு ரோஜா, ஒரு வசந்தத்தில் கருஞ்சிவப்பாகப் பூத்தால் ஆச்சரியப்படாதீங்க, நீங்க வைத்த செடி எப்பவோ போயாச்சு.

பூவை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் தண்டு.