எல்லைக்கோட்டைக் கடந்த மூன்று பயணங்கள்

இந்தியா – பாகிஸ்தான் வரலாறு என்றதும் நினைவுக்கு வருபவை யுத்த ஆண்டுகள்தான். காஷ்மீரை முன்னிட்டு 1947, 1965, 1999. கிழக்குப் பாகிஸ்தானை முன்னிட்டு 1971. அந்த ஆண்டுகளுக்கு இடையே, பகைமையைப் பொருட்படுத்தாமல் எல்லையைக் கடந்த மனிதர்களும் இருந்தார்கள். அவர்களுள் மூவகையினரை நூற்றாண்டு காணும் ஒரு பாடசாலையின் மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

முதலாமவர் ஒரு மாணவர். பௌதிகவியலாளர் அப்துஸ் சலாமுக்கு லாகூரில் கணிதம் கற்பித்தவர் அனிலேந்திர கங்குலி. 1947இல் பஞ்சாபும் வங்காளமும் பிளக்கப்பட்டு, ஒரு கோடிக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தபோது, ஆசிரியர் இந்தியாவுக்கு உரியவரானார், மாணவர் பாகிஸ்தானியரானார். 1979இல் நோபல் பரிசு பெற்றதும், தம் ஆசிரியரைத் தேடித் தருமாறு சலாம் இந்திய அரசிடம் வேண்டினார். 1981 ஜனவரியில் கல்கத்தாவில் அவரது வீட்டுக்கே சென்றார். முதுமையால் தளர்ந்திருந்த ஆசிரியரிடம் நோபல் பதக்கத்தைக் கொடுத்து, கணிதத்தின் மீது தமக்குப் பற்று உண்டானது அவரால்தான் என்றும், இப்பரிசு அவருக்கே உரியது என்றும் கூறினார். சலாமின் அஹ்மதியா சமூகத்தை முஸ்லிம்கள் அல்லர் என 1974இலேயே அவரது சொந்த நாடு சட்டமியற்றியிருந்தது. பிற்காலத்தில் அவரது கல்லறையில் இருந்த ‘முஸ்லிம்’ என்ற சொல்லும் அழிக்கப்பட்டது. தன் நாட்டில் புறக்கணிக்கப்பட்ட ஒருவர் ‘பகை’ நாட்டில் தம் ஆசிரியரைக் கண்டு வணங்கினார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

இரண்டாவது, பெண்களின் பயணம். கார்கில் யுத்தம் முடிந்து ஓராண்டுகூட ஆகாத 2000 மார்ச்சில், காந்தியவாதி நிர்மலா தேஷ்பாண்டே தலைமையில் இந்தியப் பெண்கள் பஸ்ஸில் லாகூர் சென்றனர். சில வாரங்களில், மனித உரிமைச் சட்டத்தரணி அஸ்மா ஜஹாங்கீர் தலைமையில் பாகிஸ்தானியப் பெண்கள் டில்லிக்கு வந்தனர். இருவரும் தத்தம் நாட்டில் ஏச்சுக்கு ஆளாகினர். ஆயினும், 2008இல் நிர்மலா மறைந்தபின், பாகிஸ்தான் அரசே அவருக்கு ‘சிதாரா-இ-இம்தியாஸ்’ விருதை வழங்கியது.

மூன்றாவது பயணி ஒரு குழந்தை. ஒரு வைத்தியராக என்னை மிகவும் தொட்டது இதுதான். 2001 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் தாக்கப்பட்டதை அடுத்து நிறுத்தப்பட்ட லாகூர் – டில்லி பஸ் சேவை, 2003 ஜூலையில் மீண்டும் தொடங்கியது. அதில் வந்தவர்களுள் இதயத்தில் துவாரங்களுடன் பிறந்த, மூன்று வயதும் நிரம்பாத ஒரு சிறுமியும் இருந்தாள். பெங்களூரில் அவளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. முன்பின் அறியாத இந்தியர்கள் பூக்களையும் பொம்மைகளையும் அனுப்பினார்கள். பலர் பண உதவிக்கும் முன்வந்தார்கள். சத்திரசிகிச்சை மேசையில் மார்பு திறக்கப்பட்டபின் எந்த நாட்டவர் என்று கேட்க எதுவும் இல்லை.

இவை யுத்தங்களைத் தடுத்தனவா? இல்லை. அதை மறைப்பதற்கில்லை. 2019இல் அந்த பஸ் சேவை மீண்டும் நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டபின் அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. பாகிஸ்தானியரின் மருத்துவ வீசாக்கள்கூட ஏப்ரல் 29உடன் செல்லாதவையாயின. நட்புக்கு வீசா வழங்கும் அதிகாரம் கிடையாது. நோபல் பரிசு பெற்றவருக்குத் திறந்த கதவு, பெயர் தெரியாத நோயாளிக்கு மூடிக்கொள்கிறது.

அப்படியானால் அதன் பயன் யாது? ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் பகைவர் என்று எண்ணுவதற்கு, அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாதிருக்க வேண்டும். கங்குலியின் வீட்டுக்குச் சென்று வந்தவருக்கு அது இயலாது. அரசுகள் பேச முன்வரும் நாளில், இருபுறமும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மிஞ்சியிருந்தால்தான் பேச்சு தொடங்க இடமுண்டு.

எமது தீவில் யுத்தம் ஓய்ந்தபின்னரும் இது எமக்குப் பொருந்தும். எமக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் இடம்பெயர்ந்தோரும் கடல்கடந்தோரும் உளர். எல்லோருடைய முகவரியும் எம்மிடம் இல்லை. சலாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் தேடினார். இந்த நூற்றாண்டு ஆண்டில் நாமும் ஒவ்வொருவர் ஓர் ஆசிரியரையோ, தொடர்பு அறுந்த ஒரு வகுப்புத் தோழியையோ தேடி எழுதுவோமாக. கிடைக்கும் முகவரிகளைச் சங்கத்திடம் சேர்ப்பித்தால், அவர்களைத் தேடும் மற்றவர்களுக்கும் அவை உதவும்.