இருதய ஒலிகள்: பரிஸிலிருந்து கிறீன் லேன் வரை



எமது சமூகத்துப் பிள்ளைகள் பலர் இங்கே தாதியர் கல்வி பயில்கிறார்கள். அவர்களைத் திணறடிக்கும் பாடங்களில் ஒன்று இருதய ஒலிகள். நான் வர்த்தகம் படித்த கணக்காளன். வைத்தியம் எனது துறை அல்ல. ஆனால் இந்த ஒலிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாடம் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம். வானொலியில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

1816இல் பரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையில், ரெனே லெனெக் என்ற வைத்தியரிடம் இருதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். அக்காலத்தில் வைத்தியர் நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பதுண்டு. இளம்பெண்ணிடம் அது கூச்சமான காரியம். லெனெக் சில கடதாசித் தாள்களை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை அவர் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். முன்பு கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. அந்தச் சுருள் பிறகு மரக்குழலாயிற்று. 1819இல் அவரது நூலும் வெளிவந்தது. இரண்டு காதிலும் மாட்டும் ஸ்டெதஸ்கோப் 1850களில்தான் வந்தது.

லெனெக்கின் காது அபாரமானது. சில நோயாளிகளிடம் துருத்தி ஊதுவது போன்ற ஒலி கேட்கிறது என்று எழுதினார். இன்று முணுமுணுப்பு என்கிறோமே, அதுதான். கேட்டது சரி, சொன்ன காரணம்தான் பிழை. இரண்டாவது ஒலி, அதாவது 'டப்', சோணையறை சுருங்குவதால் வருகிறது என்றார். துருத்தி ஒலிக்குத் தசைப்பிடிப்பைக் காரணம் காட்டினார். 1826இல், 45 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

ஒலிகள் வால்வுகள் மூடுவதால் எழுகின்றன என்று 1832இல் பரிஸில் ரூவானே என்பவர் வாதிட்டார். அதே பத்தாண்டில் ஜேம்ஸ் ஹோப், வில்லியம்ஸ் ஆகிய ஆங்கிலேய வைத்தியர்கள் மிருகங்களில் அதைச் சோதித்தார்கள். வால்வின் இதழை மூடவிடாமல் கொக்கியால் பிடித்தபோது 'டப்' நின்றது. அதன் இடத்தில் சீறல் கேட்டது. கொக்கியை எடுத்ததும் 'டப்' திரும்பி வந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். அந்த மிருகங்களை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. ஆனால் கணக்கு அங்கேதான் நேரானது.

ஆக, இருகூர், முக்கூர் வால்வுகள் மூடும்போது 'லப்'. அரைமதி வால்வுகள் மூடும்போது 'டப்'. இவை இலங்கைப் பாடநூல்களின் சொற்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்த அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். தமிழில் இந்தப் படிப்பு புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். அவரது 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் அச்சேறியது.

வால்வு சரியாகத் திறக்காவிட்டாலும், சரியாக மூடாவிட்டாலும் இரத்தம் சுழித்து ஓடும். அந்தச் சுழிப்பின் ஓசையே முணுமுணுப்பு. எனவே மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நேரம்: அது 'லப்'புக்கும் 'டப்'புக்கும் இடையிலா, 'டப்'புக்குப் பிறகா? எது 'லப்' என்று குழம்பினால் கழுத்து நாடியில் விரல் வையுங்கள். நாடி எழுவதும் 'லப்'பும் ஏறக்குறைய ஒன்றாக வரும். உரப்பை 1 முதல் 6 வரை எழுதும் முறையை 1933இல் பொஸ்டன் வைத்தியர் சாமுவேல் லெவீன் முன்வைத்தார். இன்றும் அதுதான் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முணுமுணுப்பு என்றதும் "இருதயத்தில் ஓட்டை" என்று சொந்தக்காரருக்கெல்லாம் போன் போடுகிறோம். ஆரோக்கியமான பிள்ளைகள் பலருக்கும் தீங்கற்ற முணுமுணுப்பு கேட்கும். வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும். 'டப்'புக்குப் பின் கேட்பதை மட்டும் சாதாரணம் என்று விட முடியாது. கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

இனி எமது ஊருக்கு வருவோம். சான்ட்ரிங்ஹாமிலிருந்து அதிக தூரமில்லாத கிறீன் லேன் வைத்தியசாலையில் (மானிப்பாய் கிறீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்) 1962 ஓகஸ்டில் பிரையன் பரற்-போய்ஸ், இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்த தொகுபெருநாடி வால்வை நோயாளிக்குப் பொருத்தினார். லண்டனில் டொனால்ட் ரொஸ் சில வாரங்கள் முந்திக்கொண்டார். ஆனால் கிறீன் லேனுக்குப் பயிற்சிக்கு உலகமெங்குமிருந்து வைத்தியர்கள் வந்தார்கள். அன்றிருந்த செயற்கை வால்வுகளுக்கு இரத்தம் உறையாமல் வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும்; மனித வால்வுக்கு அது தேவைப்படவில்லை. 2003இல் இருதய சத்திரசிகிச்சை புதிய ஒக்லாந்து நகர வைத்தியசாலைக்கு மாறியது. நாம் கிளினிக்குக்குப் போய்வரும் கிறீன் லேன் அதே இடம்தான்.

இங்கே வால்வைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்று சாதாரண தொண்டை நோவில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப் கிருமித் தொற்றுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு ருமட்டிக் காய்ச்சல் வரும். அது பெரும்பாலும் இருகூர் வால்வைத் தாக்கும். நியூசிலாந்தில் மாவோரி, பசுபிக் தீவுப் பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். அரசாங்கத்தின் தடுப்புத் திட்டம் 2011இல் தொடங்கியது. பாடசாலைகளிலேயே தொண்டையில் பஞ்சால் தடவிச் சோதித்தார்கள். காதுக்கு எட்டாத வால்வுக் கசிவையும் இன்று எக்கோ பரிசோதனை காட்டிவிடுகிறது. நோய் கண்ட பிள்ளைக்கு மாதம் ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. அந்த ஊசியைப் போடுபவர்கள் பெரும்பாலும் தாதிமார்.