இரணைமடு நீரும் வல்லுநர் வாக்கும்

வன்னிக் குளங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டியவர் யார், கட்டிய காலம் எது என்னும் வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். கட்டிய குளத்தின் நீரை எவருக்கு எவ்வளவு விடுவதென முடிவுசெய்தவர் யார் என்பதும் வரலாற்றுக்குரிய வினாவேயாகும். இரணைமடுவை முன்வைத்து அதனை ஈண்டு நோக்குவோம்.

கனகராயன் ஆற்றை மறித்து அமைந்தது இக்குளம். பண்டை இலங்கையின் நீர்ப்பாசன வேலைகளை நேரிற் கண்டு ஆராய்ந்த பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1885இல் இதற்கொரு திட்டம் வரைந்தார். 1902இல் வேலை தொடங்கி 1920 அளவில் முடிந்தபோது கொள்ளளவு ஏறத்தாழ 40,000 ஏக்கர் அடி. பின்னர் அணை படிப்படியாக உயர்த்தப்பட்டு, 1970களின் பிற்பகுதியில் 34 அடி நீரைத் தாங்கலாயிற்று. இவையாவும் பொறியியலாளரின் கணக்கு. இதில் கமக்காரரின் வாக்குக் கேட்கப்படாமை குறையென்று நாம் கருதவில்லை; அணையின் உறுதியைக் கூட்டங்கூடித் தீர்மானிக்க இயலாது.

நீர்ப்பங்கீடு வேறு வகையினது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய ஊர்வழக்குகளுக்குச் சட்டவலு அளிக்க முற்பட்டது. அவ்வழக்கில் முதன்மை பெற்றவர் வட்டவிதானையார். எவ்வாய்க்கால் எங்கே கசியும், எத்துண்டு வயலுக்கு நீர் கடைசியாக ஏறும் என்பவற்றை ஏட்டின் துணையின்றி அறிந்தவர் அவர். அவருக்குரிய ஊதியம் விளைச்சலில் ஒரு பங்கு. கணிப்புப் பிழைப்பின் ஊராரது களஞ்சியத்தோடு அவரது களஞ்சியமும் குறையும். மாதச் சம்பளம் பெறும் வல்லுநருக்கு இந்நிலை இல்லை என்பது கருதத்தக்கது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கி, அதன் பணிகளைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது.

எனினும் கூடிப்பேசும் வழக்கு அழியவில்லை. போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகின்றது. பொறியியலாளர் நீர்மட்டத்தைக் கூறுவார். விவசாய உத்தியோகத்தர் நெல்லினங்களின் வயதைக் கூறுவார். விதைப்புக்கும் நீர்திறப்புக்கும் நாள் குறிக்கப்படும். சிறுபோகத்தில் வயல் முழுவதற்கும் நீர் போதாதாகையால், எத்தனை ஏக்கர் விதைப்பது, அதனை எவ்வாறு பங்கிடுவது என்பதே அங்கு எழும் பெரும் வழக்கு.

இவ்வழக்கு 2010க்குப் பின் குளத்தெல்லையைக் கடந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் தேவை பொய்யன்று. சுண்ணக்கற் படுகையின் கிணற்றுநீரை நம்பியே குடாநாடு வாழ்ந்துவந்தது, அந்நீரும் மாசுற்றது. நீர்மட்டத்தை 36 அடியாக உயர்த்தினால் இரு தேவைகளும் நிறைவேறும் என்றனர் திட்டமிட்டோர். மழை பொய்க்கும் ஆண்டில் குளம் நிரம்பாதே, அப்போது முதலில் எவர் வாய்க்கால் அடைபடும் என்று வினவினர் கமக்காரர். சராசரி நீர்வரத்தைக் கணிப்பது நீரியல் வல்லுநரின் தொழில். பற்றாக்குறை எவர் தலையில் விழுவது என்பதற்கு நீரியலில் விடையில்லை. அதனை வல்லுநர் அறிக்கைக்குள் அடக்க முயன்றதே பிணக்கை வளர்த்தது என்பது எமது துணிபு. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டு, தாழையடியில் அமைந்த நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

கூட்டத்துக்கு நேரமில்லாத வேளையும் உண்டு. புனரமைக்கப்பட்ட குளத்தை 2018 திசம்பர் 7ஆம் நாள் சனாதிபதி திறந்துவைத்தார். இரு கிழமை கழிந்து, 21ஆம் நாள் இரவு பெருமழை கொட்டியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். வான்கதவுகள் காலந்தாழ்த்தித் திறக்கப்பட்டனவா என்னும் வினா எழுந்து, விசாரணையும் நடைபெற்றது. தனியொருவரைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. மாரியில் குளத்தைக் காப்பவரின் நிலையை மட்டுமே குறிக்கின்றோம். மழைக்கு முன்னரே நீரை இறக்கி, பின்னர் மழை ஏமாற்றின், சிறுபோகத்தை அழித்தவர் என்பர்; இறக்காது வைத்து மழை பெருகின், ஊரை அமிழ்த்தியவர் என்பர். எந்த மட்டத்தில், எந்த முன்னறிவிப்பின்பேரில் கதவு திறப்பதென்பதை மாரி தொடங்குமுன் கமக்காரரோடும் ஆற்றின் கீழ்ப்புற ஊராரோடும் எழுத்தில் இணங்கிக்கொண்டால், அவ்விரவுச் சுமையின் ஒரு பகுதியேனும் அவர் தோளினின்று இறங்கும்.