ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது தன்னார்வலர்கள் கூட்டாக உருவாக்கிப் பராமரிக்கும் கட்டற்ற உலக நிலப்படத் தரவுத்தளம். இதை 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். 2006இல் அமைந்த அறக்கட்டளை இதன் சர்வர்களை நடத்துகிறது.

அமைப்பு: தரவு புள்ளி, வழி, உறவு என மூவகைப்படும். இவற்றின் தன்மையைச் சாவியும் மதிப்பும் கொண்ட குறிச்சொற்கள் உணர்த்தும். முதன்மைத் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளில் இயங்குகிறது.

பராமரிப்பு: திருத்தங்கள் மாற்றத்தொகுப்புகளாகப் பதிவாகும், பிழையான திருத்தத்தை மீளப்பெறலாம். முழுத் தரவு வாரந்தோறும், மாற்றங்கள் நிமிடந்தோறும் வெளியிடப்படுகின்றன. 2012 முதல் திறந்த தரவுத்தள உரிமம் நடப்பிலுள்ளது.

எடுத்துக்காட்டு, மலேசியாவின் பேராக் மாநிலம்: 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றுள் பல செம்பனைக்கு மாறின. தரவுத்தளத்தில் இருவகைத் தோட்டங்களுக்கும் நிலப்பயன் குறிச்சொல் ஒன்றே. மரவகை மட்டும் வேறுபடும். ஆகவே ரப்பர் மரம் வெட்டிச் செம்பனை நட்ட இடத்தில், எல்லைக்கோட்டைத் தொடாமல் ஒரு மதிப்பை மாற்றினால் போதும். பழைய பதிவு திருத்த வரலாற்றில் நிற்கும்.

முக்கியத்துவம்: தோட்டக் கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் பெயரை மலாயுடன் தமிழிலும் தனிச்சாவியில் பதியலாம். களத்தில் இன்று உள்ளவற்றையே பதிவது விதி; இடிக்கப்பட்ட லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளை) புதிதாகச் சேர்க்கக் கூடாது. எனவே எஞ்சியிருப்பவற்றைக் காலத்தே பதிவது இன்றியமையாதது.