சாரணர் இயக்கம்: அன்று தடுக்கப்பட்ட இடமும் இன்று காலியாகக் கிடக்கும் இடமும்



பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் சேர்வதற்கான படிவத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும்போது, பெற்றோர் பலர் அதனை நம்மிடம் எடுத்துவந்து கருத்துக் கேட்பதுண்டு. கழுத்தில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டு கொடியேற்றத்தில் நிற்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இது வெள்ளைக்காரன் விட்டுச் சென்றதாயிற்றே, நம் மார்க்கத்திற்கு ஒத்து வருமா என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஒற்றை வரியில் விடை சொல்வதைவிட, இவ்வியக்கம் கடந்து வந்த வழியைச் சொல்லிவிட்டால் விடை தானே கிடைக்கும் என எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இதனைத் தோற்றுவித்த பேடன் பவல் ஓர் ஆங்கிலேயப் படைத்தளபதி. இளமையில் நம் நாட்டிலும் படைப்பணி ஆற்றியவர். தென்னாப்பிரிக்கப் போரில் மேஃபகிங் என்னும் சிற்றூர் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டபோது, அவ்வூர்ச் சிறுவர்கள் அணியாகத் திரண்டு செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகளைச் செய்தனர். பொறுப்பை ஒப்படைத்தால் சிறுவனும் அதனைச் சுமப்பான் என்பதை அவர் அங்கே கண்டார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு முதல் முகாமை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒரே கூடாரத்தில் தங்க வைக்கப்பட்டனர். அக்காலத்து இங்கிலாந்தில் அது சிறிய செய்தியன்று. அடுத்த ஆண்டு அவர் எழுதிய வழிகாட்டி நூல் வெளிவந்ததும், யாரும் அழைக்காமலே ஊர்தோறும் சிறுவர்கள் தாமாக அணி சேரத் தொடங்கினர். 1909இல் இலண்டனில் நடைபெற்ற பேரணியில் சிறுமியரும் வந்து நின்று தமக்கும் இடம் கேட்டனர். அதன் பயனாகவே 1910இல் சாரணியர் இயக்கம் பிறந்தது.

நம் நாட்டில் முதற்படை 1909இல் பெங்களூரில் அமைந்தது. ஆயினும் அதில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே சேரலாம் என்பது விதி. இங்கு நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். மைதானம் நம் மண்ணில் இருந்தது. ஆனால் இம்மண்ணின் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தான். தடம் அறிதல், வரைபடம் வரைதல், சைகையால் செய்தி அனுப்புதல் ஆகியவற்றை இந்தியச் சிறுவர்கள் கற்றால் நாளை தமக்கு எதிராகவே திரும்புவர் என்று ஆட்சியாளரும் காவல் அதிகாரிகளும் அஞ்சினர். அவர்களின் அச்சம் ஒருவகையில் இவ்வியக்கத்திற்குக் கிடைத்த நற்சான்று என்றே நாம் கருதுகிறோம். பயனற்ற ஒன்றைக் கண்டு எந்த அரசும் அஞ்சுவதில்லை.

இத்தடையைக் கண்டு நம் முன்னோர் ஒதுங்கிப் போய்விடவில்லை. இடம் தராவிட்டால் நாமே அமைத்துக்கொள்வோம் என்று சிலர் எழுந்தனர். ஐக்கிய மாகாணத்து ஷாஜஹான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் சிறுவர்களைத் திரட்டித் தொண்டணி நடத்தினார். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலின் துணையோடு 1917இல் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் சிறுவர்கள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர், இந்தியப் பாடல்களைப் பாடினர். 1918இல் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்து சென்னையையும் கண்டு சென்றார். அதன்பின் பெசன்ட் அம்மையாரின் சங்கம் உள்ளிட்ட பெரும்பாலான அமைப்புகள் ஒன்றாக இணைந்தன. இந்தியப் பிள்ளைகளுக்கு இருந்த தடையும் நீங்கியது. சேவா சமிதி மட்டும் தனித்தே நின்றது. 1937இல் அவர் மீண்டும் வந்து சென்றபின், இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்துரைத்ததாக வெளியான அவரது கருத்து நாடெங்கும் கொதிப்பை எழுப்பியது. பலர் விலகினர். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. தோற்றுவித்தவரையே கண்டித்து வெளியேறியவர்களும் அவர் வகுத்த பயிற்சியைக் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒருவரிடமுள்ள நல்லதை எடுத்துக்கொண்டு அல்லதைத் தள்ளும் பக்குவம் அவர்களிடம் இருந்தது.

விடுதலைக்குப் பின் ஒரே நாட்டில் இரண்டு சாரணர் சங்கங்கள் இருப்பது முறையன்று எனத் தலைவர்கள் கருதினர். பிரதமர் நேரு, கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத், ஆளுநர் மங்கள்தாஸ் பக்வாசா ஆகியோரும், குன்ஸ்ரு, பாஜ்பாய், நீதியரசர் விவியன் போஸ் போன்ற சாரணத் தலைவர்களும் எடுத்த முயற்சியால் 1950 நவம்பர் 7ஆம் நாள் இரு சங்கங்களும் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியர் சங்கமும் அதில் இணைந்தது. மௌலானாவின் தஃப்ஸீரையும் அவரது அரசியல் வாழ்வையும் நம் மேடைகளில் பேசுகிறோம். நம் பிள்ளைகள் இன்று அணியும் சாரணச் சீருடையில் அவருக்கும் ஒரு பங்குண்டு என்பதை ஏனோ எவரும் சொல்வதில்லை.

மற்றொரு செய்தியும் நம்மில் பலர் அறியாதது. அரபு நாடுகளில் இவ்வியக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் இந்திய முஸ்லிம்களே. அப்துல் ஜப்பார் கைரீ, அப்துல் சத்தார் கைரீ என்னும் சகோதரர்கள் இங்கிருந்து பெய்ரூத் சென்று கல்விப் பணி ஆற்றினர். உதுமானியப் பேரரசின் ஆட்சியில் அந்நகரம் இருந்த 1912ஆம் ஆண்டில் அங்கு முதற்சாரணப் படையை அமைத்தனர். இந்தியாவில் இந்தியப் பிள்ளை சேரமுடியாதிருந்த அதே காலத்தில் இந்தியர் இருவர் அரபுப் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பித்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்! அரபியில் சாரணரைக் கஷ்ஷாஃப் என்பர். திரை விலக்கி அறிபவர் என்பது பொருள். மதரஸாக்களில் ஓதியோருக்கு ஜமக்ஷரீயின் தஃப்ஸீர் நூலின் பெயராக இச்சொல் பழக்கமானதே. அல்ஜீரியாவில் முஸ்லிம் சாரணர் அமைப்பை நிறுவிய முஹம்மது பூராஸ் 1941இல் பிரெஞ்சு ஆட்சியினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகிலேயே மிகப் பெரிய தேசியச் சாரணர் அமைப்பு இன்று இந்தோனேசியாவில்தான் இயங்குகிறது. எனவே, இது நமக்கு அந்நியமானது என்ற எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது.

மார்க்கம் பற்றிய ஐயத்திற்கு வருவோம். சாரணர் உறுதிமொழி இறைவனுக்குரிய கடமையை முதலில் வைத்து, நாட்டுக்குரிய கடமையை அதனோடு சேர்த்து, பிறர்க்கு உதவுவதையும் சாரண விதிகளுக்குக் கட்டுப்படுவதையும் அடுத்துச் சொல்கிறது. இறைவன் என்பதற்கு அவரவர் நம்பிக்கையே பொருள். முகாம்களில் நடைபெறும் சர்வ சமயப் பிரார்த்தனையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேதத்தைத் தானே ஓதுகிறது. இடக்கரம் குலுக்கும் வழக்கத்தைச் சிலர் குறையாகச் சொல்கின்றனர். அது அவர்களுக்குள் ஓர் அடையாளம், அவ்வளவே. ஸலாம் கூறி வலக்கரம் பற்றும் நம் வழக்கத்தை எவரும் தடுப்பதில்லை. தொழுகை நேரம், ஹலாலான உணவு ஆகியவற்றைப் பற்றிய கவலை மட்டும் உண்மையானது. உடன் செல்லும் ஆசிரியர்களில் நம்மவர் ஒருவர் இருந்தால் அக்கவலையும் நீங்கிவிடும். இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் குருளையர் என்றும், சிறுமியர் நீலப்பறவையர் என்றும் அழைக்கப்படுகின்றனர். அதன்மேல் சாரணர், சாரணியர். பள்ளிப் பருவம் கடந்தோர் 25 வயது வரை திரிசாரணர், திரிசாரணியர். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. அவர்களிலேயே ஒருவன் அணித்தலைவன். முடிச்சுகள், முதலுதவி, கூடாரம் அமைத்தல், திசையறிதல், இரு கழிகளையும் ஒரு போர்வையையும் கொண்டு நோயாளியைத் தூக்கிச் செல்லும் தூளி செய்தல் என்று கைக்கு வேலை தரும் கல்வி இது. திசைகாட்டியைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை பயணத்தில் கிப்லாவைத் தானே கண்டுகொள்வான் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது நாகப்பட்டினம் கடற்கரையில் உடல்களை மீட்டு அடக்கம் செய்தவர்களில் ஜமாஅத் இளைஞர்கள் பலர் இருந்தனர். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் திறந்துவிடப்பட்டதையும், நம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் உணவு சுமந்ததையும் நாடே அறியும். மனம் நம்மிடம் உண்டு. ஆனால் நீரிலிருந்து தூக்கியவருக்கு மூச்சு திரும்ப என்ன செய்வது, முறிந்த காலை எப்படிக் கட்டுவது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத கைகள் தூக்குவதால் முறிவு மோசமாவதும் உண்டு. தொண்டுக்குத் துணிவோடு பயிற்சியும் வேண்டும். அதனைப் பத்து வயதிலிருந்தே முறைப்படி கொடுப்பது இவ்வியக்கம்.

உலகியல் பயன்களையும் மறைக்க வேண்டியதில்லை. நுழைவுநிலையிலிருந்து மூன்று சோபானங்களைக் கடந்தவர் ஆளுநர் கரத்தால் வழங்கப்படும் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கும், பின்னர் குடியரசுத் தலைவர் விருதுக்கும் தகுதி பெறலாம். இரயில்வே துறையில் சாரணர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. குடியரசுத் தலைவர் விருதோ, பெரியவர்களுக்குரிய இமாலய உட்பேட்ஜ் தகுதியோ பெற்று, இயக்கத்தில் தொடர்ந்து பணியாற்றி, தேசிய, மாநில நிகழ்ச்சிகளில் பங்கேற்றோர் அதற்கு விண்ணப்பிக்கலாம். இவை ஓராண்டில் கிடைப்பவை அல்ல. ஆறாம் வகுப்பில் சேர்ந்து விடாமல் தொடர்ந்தால்தான் உண்டு. நம் வீடுகளிலோ ஒன்பதாம் வகுப்பில் நினைவு வந்து சேர்க்கிறோம், பத்தாம் வகுப்பில் டியூஷனுக்காக நிறுத்திவிடுகிறோம். விருதுப் பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயர் அருகி வருவதாகப் பின்னர் வருந்துவதில் பொருளில்லை.

இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடைபெற்றது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் அயல்நாடுகள் சிலவற்றிலிருந்தும் ஏறத்தாழ 20,000 பேர் கூடாரங்களில் ஒருவாரம் தங்கினர். உலகப் பெருந்திரளணி 2023இல் தென்கொரியாவில் நடந்தது. கடும் வெப்பமும் வரவிருந்த புயலும் முகாமை இடையிலேயே கலைத்தன. அடுத்த உலகப் பெருந்திரளணி 2027இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடத்த முடிவு செய்யப்பட்டது. அவ்வளவு தொலைவு செல்வது எல்லோருக்கும் இயலாது. ஆண்டுதோறும் நடக்கும் மாவட்ட, மாநில முகாம்களும், பிப்ரவரி 22இல் வரும் சிந்தனை நாளும், நவம்பர் 7இல் வரும் கொடி நாளும் எல்லோருக்கும் எட்டுபவையே.

நாம் உண்மையில் கேட்க வந்தது பிள்ளைகளை அல்ல, பெரியவர்களை. மேலே சொன்ன வரலாறு முழுவதையும் திரும்பப் பாருங்கள். பாஜ்பாயோ, பெசன்ட் அம்மையாரோ, கைரீ சகோதரர்களோ, ஊதியம் பெறாமல் நேரம் கொடுத்த பெரியவர் ஒருவர் முன்வந்த இடத்தில்தான் படை அமைந்தது. பள்ளிகளில் சாரண ஆசிரியர்கள் தம் பாடவேளைகளுக்கு மேற்பட்ட பொறுப்பாகவே இதனைச் சுமக்கின்றனர். அவர் மாற்றலாகிச் சென்றால் படையும் கலைந்துவிடுகிறது. பள்ளியைச் சாராத திறந்தநிலைக் குழுக்களை ஊர் அமைப்புகளும் நடத்த விதியில் இடமுண்டு. அதற்குத் தேவை, ஒருவார காலம் முகாமில் தங்கி அடிப்படைப் பயிற்சி பெற்ற ஆசிரியர். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடியவராகவும் அவர் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பியோர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கல்லூரி முடித்த இளைஞர்கள் நம்மிடையே குறைவில்லை. சாரணியர் பிரிவுக்குப் பெண்களே பொறுப்பேற்பர். சல்வார் கமீஸ் சீருடைக்கும் இடமிருப்பதால் நம் பெண் பிள்ளைகளுக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆண்கள் பிரிவுக்கு இருவர், பெண்கள் பிரிவுக்கு இருவர் என நால்வர் கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் மாவட்டச் சங்கத்திடம் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என நிர்வாகக் குழு கருதுகிறது. ஒருவர் போதாதா எனக் கேட்கலாம். ஒருவர் ஊருக்குச் சென்ற வாரத்தில் பிள்ளைகள் மைதானத்தில் காத்திருந்து திரும்பக் கூடாது என்பதற்காகவே இருவர். விருப்பமுள்ள ஆண்கள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளி அலுவலகத்திலும், பெண்கள் நிஸ்வான் மதரஸாவின் ஆலிமாவிடமும் ஷஅபான் மாத இறுதிக்குள் பெயர் கொடுக்கலாம்.